பதினொரு நாள் உடைக்காத கடிதம்

பதிவுத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தை நான் பதினொரு நாள் உடைக்கவில்லை. உறையின் மூலையில் ஊர்காவற்றுறைச் சட்டத்தரணி ஒருவரின் முத்திரை இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் ‘சட்டத்தரணி’ என்று வாசிக்கத் தெரியும். மனைவி விவாகரத்துக் கேட்டுவிட்டாள் என்று முடிவு கட்டி, கடிதத்தை அலுமாரியில் உடுக்கும் சாரங்களுக்கு அடியில் வைத்தேன்.

நாங்கள் பிரிந்து அப்போது ஆறு வருடம். அவள் மகளோடு நாரந்தனையில் தன் சீதன வீட்டில் இருந்தாள். நான் காரைநகரில் அக்கா வீட்டில் இருந்து மேசன் வேலைக்குப் போய்வந்தேன். பிரிந்ததற்குப் பெரிய காரணம் கிடையாது. அந்த வீட்டுக்கு நான் சுற்றுமதில் கட்டி முடித்த அன்று, அவளுடைய தமையன் வந்திருந்தவர்கள் முன்னால், “இதிலை ஒரு கோழி குந்தினாலே விழுந்திடும்” என்றார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்துவிட்டாள். நான் உடுப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரண்டாம் நாளே கோபம் போய்விட்டது. திரும்பிப் போக இருந்த வெட்கம்தான் போகவில்லை.

தபால் வந்தது அத்தானுக்குத் தெரியும். “கோட்டிலை கூண்டிலை ஏத்தி, ஏன் மனுசியை விட்டிட்டுப் போனனீர் எண்டு கேப்பினம். நீர் கோழிக் கதையைச் சொல்லப்போறீரோ?” என்று சிரித்தார். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கடிதத்தை உடைக்காதவரை நான் இன்னும் அவளுடைய புருசன்.

பதினோராம் நாள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அப்பா, நாளைக்குப் பத்து மணிக்குச் சட்டத்தரணியிட்டை வருவியளோ, மாட்டியளோ?”

“வாறன் பிள்ளை” என்றேன். எதற்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அக்கரை கண்ணுக்கு முன்னால்தான் தெரியும். ஆறு வருடமாக நான் அதில் ஏறியதில்லை.

மறுநாள் ஏறினேன். சட்டத்தரணியின் அலுவலகத்தில் மனைவியும் மகளும் கதிரைகளில் இருந்தார்கள். நான் கடிதத்தை மேசையில் வைத்தேன். சட்டத்தரணி அதைத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணை, இதை உடைக்கவேயில்லையோ?”

“இல்லை ஐயா. டிவோஸ் எண்டு நினைச்சனான்.”

“டிவோஸோ?” என்றாள் மனைவி. “இந்த வயசிலை அதுக்கு ஆர் அலையிறது?”

சட்டத்தரணி விளக்கினார். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வீட்டையும் காணியையும் மகளின் பேருக்கு எழுத வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி, தாய் தன் சொந்தக் காணியைக் கொடுப்பதானாலும் புருசன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிரிந்து இருந்தாலும் அப்படித்தான். எனக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே அன்றுதான் தெரியும்.

“நீங்கள் பதில் போடேல்லை எண்டதாலை சம்மதமில்லை எண்டு நினைச்சிட்டினம். இண்டைக்கும் வராட்டில், கோட்டிலை அனுமதி கேக்கிறதாய் இருந்தது” என்றார்.

கோட்டுக்குப் பயந்து ஒளித்து வைத்த கடிதமே என்னைக் கோட்டுக்கு இழுக்கப் பார்த்திருக்கிறது. பேனாவை வாங்கக் கையை நீட்டினேன்.

“பொறுங்கோ, வாசிச்சுக் காட்டவேணும்” என்று சட்டத்தரணி காணி உறுதிப் பத்திரத்தை வாசித்தார். பாதி விளங்கவில்லை. “வீடு, கிணறு, சுற்றுமதில்” என்று வந்தபோது நான் நிமிர்ந்தேன். மனைவி என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“ஒவ்வொரு நாளும் கோழி குந்துது. இன்னும் விழேல்லை.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை நானும் சிரித்துவிட்டேன். பிறகு என் பேரை ஒவ்வொரு எழுத்தாக, கோணாமல் எழுதினேன்.

வெளியே வந்ததும், “கலியாணத்துக்கு முதல் வந்து அந்த மதிலுக்கு வெள்ளை அடிச்சு விடுங்கோ” என்றாள் மனைவி.

“ஞாயிற்றுக்கிழமை வாறன்.”

திரும்பும்போது பாதையில் நின்று கடிதத்தை உடைத்தேன். நாலே வரிதான். வரும்போது அடையாள அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தது.