ஈரம் காயாத சுவர்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். பிணவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "எதுக்கும் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏனென்றால் இது எனக்கே நடந்தது. நள்ளிரவில்கூட இல்லை. சாயங்காலம், ஐந்தரை மணிக்கு.

என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டியவர். இரண்டு பேரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றோம். கைக்கு வந்ததை எல்லாம் போட்டு, ஏரிக்கரையில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். சீசனில் ஏரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது, மற்ற மாதங்களை அந்த வருமானத்தில் ஓட்டுவது. இதுதான் திட்டம். கடைசிவரை பிள்ளைகளிடம் கை நீட்டக் கூடாது என்பதில் அவர் ஒற்றைக்காலில் நின்றார். வீடு கைவிட்டால் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

வீட்டில் பெரிய படுக்கையறை ஒன்று. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. பெரிய அறை வழியாகத்தான் சின்ன அறைக்குப் போக முடியும். நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்து, சின்ன அறைக்குத் தோட்டத்துப் பக்கம் தனி வாசல் வைத்தால், இரண்டு குடும்பங்களுக்கு விடலாம். யோசனை என்னுடையது. "உனக்கு இருக்கிற மூளைக்கு நீ ரயில்வே மந்திரியா ஆகியிருக்கணும்" என்றார் அவர்.

கொத்தனார் அதிகம் பேசாத மனிதர். புது வாசலை முதலில் வைத்து முடித்தார். பழைய வாசலை அடைக்கும் வேலை வந்தபோது தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கடைசிக் கல்லை வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டு ஆள் ஒருத்தர் உள்ள நின்னு, யாரும் இல்லைன்னு சொல்லணும்மா. சொல்லிட்டு அந்தப் பக்க வாசல் வழியா வெளிய வந்துடணும். அப்புறம்தான் நான் மூடுவேன்."

"எதுக்கு?"

"பூனை, கீனை மாட்டிக்கும்ல..."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் மெத்தை வாங்க டவுனுக்குப் போக வேன் சொல்லியிருந்தோம். பூனைக்காக யார் காத்திருப்பது?

"நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. யாரும் பதில் சொல்லலைன்னா மூடிடுங்க" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். இருட்டிய பிறகு திரும்பினால், வாசல் இருந்த இடமே தெரியவில்லை. சுவர் எழுப்பி, சாந்து பூசி, கருவிகளைக் கழுவி வைத்துவிட்டுக் கொத்தனார் போயிருந்தார். மனிதர் கையில் ஏதோ இருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன்.

சின்ன அறைக் கட்டிலின் தலைமாட்டை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டோம். விரிப்பை நான்தான் விரித்தேன். நான் விரித்தால் விரித்ததுதான். எத்தனை வருஷப் பழக்கம்! மூலையை மடித்து அடியில் செருகிவிட்டால் ஒரு சுருக்கம் இருக்காது.

மறுநாள் காலையில் பார்த்தால், விரிப்பில் ஒரு பள்ளம்.

தலையணைக்குப் பக்கத்தில், கட்டிலின் விளிம்பில். யாரோ வெகு நேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

"புது மெத்தையில உட்கார்ந்து பார்த்தாச்சா?" என்று அவரைக் கேட்டேன்.

"நான் அந்தப் பக்கமே போகலையே" என்றார்.

இழுத்துச் சரிசெய்தேன். மத்தியானம் மறுபடியும் பள்ளம். அதே இடம். அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் உட்காருகிற இடம் அது. புது மெத்தை, இன்னும் படியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது சுவர். பூசிய சாந்து முழுவதும் நாலைந்து நாளில் வெளுத்துக் காய்ந்துவிட்டது. ஓரிடம் மட்டும் காயவில்லை. வட்டமாக, ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். பின்பக்கம் தண்ணீர்க் குழாய் கிடையாது. பெரிய அறைப் பக்கம் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அசந்துபோய்த் தலையைச் சாய்த்தால், தலை படுகிற உயரம் அது. இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பெரிய அறையில் வார்னிஷ் நாற்றம். அதனால் அவர் சின்ன அறையில் படுத்தார். நான் கூடத்தில். காரணம் அவருடைய குறட்டை. என்ஜினை விட்டு இறங்கிய பிறகும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். நாலு சுவர் தாண்டியும் கேட்கும்.

காலையில் காபியைக் கொடுத்தபோது கேட்டார்.

"ராத்திரி பூரா என் கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தியே. நாடி பார்த்தியா? ரிட்டயர் ஆகியும் விடமாட்டியா நீ?"

"கனவுல எந்த நர்ஸைப் பார்த்தீங்களோ" என்றேன்.

அவரும் சிரித்தார். ஆனால் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் முதல் குடும்பம் வருவதாக இருந்தது. எல்லாம் தயார். அந்த ஈர வட்டம் மட்டும் பாக்கி. அது காய்ந்தால்தான் பெயின்ட் அடிக்க முடியும். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. அவர் எங்கேயோ போய் ஒரு கேஸ் ஹீட்டரை வாங்கிவந்து, சுவரைப் பார்த்து வைத்தார்.

"ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். அதுவரைக்கும் கொஞ்சம் படுக்கிறேன்."

"கதவைத் திறந்து வைங்க."

"சரி சரி, நீ போய்த் திரைச்சீலையை மாட்டு."

நான் முன்னறையில் ஸ்டூல் போட்டு ஏறி, திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. எப்போதும் திட்டுகிற சத்தம்தான். அன்று துணையாக இருந்தது.

ஐந்தரைக்குக் குறட்டை நின்றது.

எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். இருமல் இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. மழை மட்டும்.

"என்னங்க..."

பதில் இல்லை. முன்பென்றால் நாலு எட்டில் போய்விடுவேன். இப்போது இடைக்கதவு இல்லையே. வீட்டைச் சுற்றிக்கொண்டு, மழையில், தோட்டத்துப் பக்கம் ஓடினேன்.

கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். அசையவில்லை. அந்தக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாளே போடவில்லை.

"என்னங்க! கதவைத் திறங்க!"

உள்ளே...

"ஷ்ஷ்..."

கை அப்படியே நின்றுவிட்டது. பொம்பளைக் குரல். கதவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"தூங்குறார்..."

கோபமில்லை. அதட்டலில்லை. வார்டில் துணைக்கு இருந்த எத்தனையோ பேர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு ஓடினேன். கண்ணாடி முழுக்க ஆவி. முந்தானையால் துடைத்தேன்.

ஹீட்டரின் சிவப்பு வெளிச்சம். கட்டிலில் அவர். கழுத்துவரை போர்வை. இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகியிருந்தது. அவர் ஒருநாளும் அப்படிப் போர்த்திக்கொண்டதில்லை.

விளிம்பில் பள்ளம்.

இடது கை மட்டும் வெளியே. கை மெத்தைமேல் இல்லை. அந்தரத்தில் நின்றது.

யாரோ மடியில் வைத்துப் பிடித்திருப்பது போல.

பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் முகம் சரியில்லாத சிவப்பு...

என்ன செய்தேன் என்று கோர்வையாக ஞாபகமில்லை. காலடியில் மிச்சச் செங்கல் கிடந்தது. எடுத்து வீசினேன். கண்ணாடி உடைந்தது. குளிர்காற்று உள்ளே போனது.

"அவரை விடு!" என்று கத்தினேன். தொண்டை கிழிந்துவிட்டது. "அவர் தூங்கலை! விடு!"

கை பொத்தென்று விழுந்தது.

கதவு தானாகத் திறந்தது.

இழுத்து வெளியே போட்டேன். மழையில், சேற்றில், கன்னத்தில் அறைந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு... அவர் பெயரைச் சொல்லி நான் அதுவரை கூப்பிட்டதே இல்லை. மூச்சு வந்தது.

பிழைத்துக்கொண்டார். ஹீட்டர் புகை என்றார் டாக்டர். காற்றுப்போக்கு இல்லாத அறை, இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார். ஜன்னலும் வாசலும் சாத்தியிருந்தால், காற்று வந்துபோக இருந்த ஒரே வழி அந்த இடைக்கதவு. அதை அடைக்கச் சொன்னவள் நான். நர்ஸுக்குத் தெரியாத விஷயமா? சீசன் அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே, வீட்டை விற்றவருக்குப் போன் போட்டேன். அந்தச் சின்ன அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.

"எங்க அப்பா படுக்கையில விழுந்தப்புறம் அங்கதான் இருந்தார். அம்மா ராப்பகலா பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டாங்க. அப்பா போனப்புறமும் ரெண்டு நாள் எங்க யாரையும் உள்ள விடலை. தூங்குறார், எழுப்பாதீங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க."

"அம்மா இப்ப எங்க?"

"அவங்க செத்து ரொம்ப வருஷமாச்சுங்க."

வருவதாக இருந்த குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வீடு திரும்புவதற்குள் அந்தச் சுவரை இடித்துவிட வேண்டும் என்று கொத்தனாரை வரவழைத்தேன். இனி பெரிய அறை மட்டும்தான் வாடகைக்கு. வருவதை வைத்துக் கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்வோம்.

கொத்தனார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விசாரித்தார்.

"ஐயாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பட்டப்பகல்ல அப்படித் தூங்கினாரே."

"என்னைக்கு?"

"வாசலை அடைச்சன்னைக்குத்தாம்மா. கடைசிக் கல்லு வைக்கிறதுக்கு முன்னாடி, உள்ள யாரும் இருக்கீங்களான்னு கூப்பிட்டேன்ல. நீங்கதானே உள்ளேயிருந்து சொன்னீங்க. அவர் தூங்குறார், சத்தம் போடாம மூடிடுங்கன்னு. வேன் வரலை போலிருக்கு, அம்மா மனசு மாறி நம்ம பேச்சுக்காக உள்ள நிக்கிறாங்கன்னு நினைச்சேன். கரண்டிச் சத்தம்கூடக் கேட்காம பூசிட்டுப் போனேன்."



அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் டவுன் கடையில், எந்த மெத்தை நல்ல மெத்தை என்று, ஒவ்வொரு கட்டிலாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.