தினம் ஒரு டம்ளர் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. ஆனால் இந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயர் செடி டாக்டர். தடித்த இலைகளோடு ஜன்னலோரம் வைத்து வளர்ப்பார்களே, அந்தச் சதைப்பற்றுச் செடிகளுக்கு எது வந்தாலும் எங்கள் வீட்டு மணிதான் அடிக்கும். பூச்சி பிடித்த தொட்டிகளை மற்றவற்றோடு வைக்கக் கூடாதாம். அதனால் என் குளியலறை தொற்றுநோய் வார்டாகிவிட்டது. பல் துலக்கப் பிரஷை எடுத்தால் அதில் மாவுப்பூச்சி. கேட்டால், "அது பழைய பிரஷ்தானே" என்கிறார். பழையதாக்கியது யார்?

செடி கொண்டுவருகிறவர்களுக்கு முதல் வைத்தியம் திட்டுதான். மாடி வீட்டு டீச்சர் ஒரு நாள் தொட்டியோடு வந்தார். "சார், இலை பூரா வெள்ளையா பூஞ்சை. ஈரத்துணியால தேய்ச்சும் பாதிதான் போச்சு."

இவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. வெயில் தாங்க அந்தச் செடியே பூசிக்கிற பவுடர் அது. பஞ்சு மாதிரி இலை இடுக்குல ஒளிஞ்சிருந்தா பூச்சி. இது இலை முழுக்க ஒரே சீரா இருக்கே, தெரியல? நல்லா இருக்கறத எதுக்குச் சுரண்டுறீங்க?"

டீச்சர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். மாடிப்படியில் பார்த்தால் இப்போது என்னோடும் பேசுவதில்லை.

இப்படிப்பட்ட மனுஷர் வாயை மூடிக்கொண்டது தன் தங்கையிடம் மட்டும்தான். என் நாத்தனாரின் கணவர் நெடுநாள் படுக்கையில் கிடந்து, போன வருஷம் இறந்துபோனார். அவர் வைத்த செடிகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன. இவர் செடியைத் தொட்டியிலிருந்து உருவினார். வேர் கறுத்துக் கூழாகியிருந்தது.

"எப்பெப்ப தண்ணி ஊத்துற?"

"தினமும் ஒரு டம்ளர். இலை சுருங்கியிருந்தா இன்னொண்ணு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். இவரோ கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, தண்டைக் கீழிருந்து வில்லை வில்லையாக அறுத்தார். வெட்டிய இடத்தின் நடுவில் பழுப்புப் புள்ளி, அழுகல் அதுவரை ஏறியிருந்தது. கத்தியைத் துடைத்து மறுபடி அறுத்தார். மறுபடி புள்ளி. ஒவ்வொரு வில்லை விழும்போதும் நாத்தனார் என் கையை இறுக்கினாள். உச்சியில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கொண்டை மட்டும் மிஞ்சியபோதுதான் வெட்டு பச்சையாக இருந்தது.

"பொழைச்சுக்கும். ஆனா வேர் விடுற வரைக்கும் மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம். இங்கயே அலமாரியில காயட்டும்" என்றார்.

நாத்தனார் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் போனபின் பார்த்தால் அலமாரி ஈரமாக இருக்கும். வெட்டுவாய் மறுபடி பழுப்பேறியது. இவர் இன்னொரு வில்லை அறுத்துவிட்டு என்னிடம் வந்தார். "இதுக்கு மேல அறுக்கத் தண்டே இல்ல. நீ சொல்லேன் அவகிட்ட."

"உங்க தங்கச்சி. நீங்களே சொல்லுங்க."

"என்னால முடியாது."

ஊரையே திட்டுகிற வாய்! எனக்கு வந்த எரிச்சலில், மறுநாள் அவளைக் கையும் டம்ளருமாகப் பிடித்தேன். "ஏம்மா, இதைக் கொன்னே தீரணும்னு முடிவு பண்ணிட்டியா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "வேளாவேளைக்கு மருந்து கொடுத்த கை அண்ணி. இதுக்கும் ஒண்ணும் செய்யாதேன்னா, எனக்கு என்னதான் வேலை?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

உள்ளே இருந்த இவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் அவள் வந்ததும் பிரஷையும் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கையில் கொடுத்து, குளியலறையில் உட்கார வைத்தார். "இனிமே இந்த வார்டு உன் பொறுப்பு. ஒரு பூச்சி மிஞ்சக் கூடாது."

கொஞ்ச நாளிலேயே அண்ணனை மிஞ்சிவிட்டாள். "நீ லென்ஸ் தேய்க்கற லட்சணம் இதானா? இந்த இடுக்கு பூரா பூச்சி!" என்று அவரையே விரட்டினாள். ஒரு டாக்டரைச் சமாளிக்கவே முடியாத எனக்கு இப்போது இரண்டு பேர்.

ஒரு சாயங்காலம் அலமாரிப் பக்கமிருந்து கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தோம். கொண்டைக்கு அடியில் இளஞ்சிவப்பில் நூல் நூலாக வேர். இவர் அதை உலர்ந்த மண்ணில் நட்டார். தானே ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து தங்கையிடம் நீட்டினார்.

"இப்ப ஊத்தலாம்மா. நீயே ஊத்து."

வாங்கிக்கொண்டு தொட்டி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வேணாம்ணா. இப்பத்தான மண்ணுல வச்சிருக்கோம். ரெண்டு நாள் போகட்டும்."

சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள்.