படியில்லா வீட்டின் பெயர்

ஸ்டுட்கார்ட்டில் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டின் சாவியைக் கொடுத்த அன்றே, வீட்டுக்கார அம்மாள் என்னை உட்காரவைத்து, காலி செய்யும்போது நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் வாசித்துக் காட்டினார். மூன்று மாதம் முன்பே கடிதம் தர வேண்டும், ஆணி அடித்த ஓட்டைகளை அடைக்க வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. மனசு கேட்காமல், என்னை உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். பிடித்ததால்தானே இவ்வளவு நேரம் விளக்குகிறேன் என்றார் அவர், நிஜமாகவே குழம்பிப்போய். வேலையோ செல்போனோ உடற்பயிற்சிக்கூடமோ, இங்கே எதில் சேர்ந்தாலும் 'க்யூண்டிகுங்' என்ற சொல் கூடவே வரும். விலகிக்கொள்வது என்று அர்த்தம். பதினாறு வருடம் கழித்தும் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு முகம் சுண்டிவிடும்.

அந்த மனசோடுதான் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வசந்தா அக்காவுக்கு வெப்சைட் செய்ய ஆள் தேர்ந்தெடுத்தேன். எங்கள் அப்பா கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தை அக்கா நான்கு அறைகளாக்கி, கோயிலுக்கு வரும் வயதானவர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தாள். வாசலில்கூடப் படி கிடையாது, சக்கர நாற்காலி நேராகக் கட்டில்வரை போகும். 'படியில்லா வீடு' என்று பெயர் வைத்தது அவள்தான். அந்தப் பெயரைச் சொன்னாலே மூட்டுவலிக்காரர்கள் சிரிப்பார்கள்.

இரண்டு பேர் வந்தார்கள். உறையூரில் இருவர் மட்டும் வேலை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தை நடத்தும் தேன்மொழி, நான்கு பக்கத் தாள் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில், இணைய முகவரி அக்காவின் பெயரிலேயே பதியப்படும், பாஸ்வேர்டு அக்காவிடமே இருக்கும் என்று எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில், எங்களை விட்டு விலக நினைத்தால் ஏழு நாளில் எல்லாவற்றையும் ஒப்படைப்போம் என்று இருந்தது. அக்கா அதை வீடியோ காலில் எனக்குப் படித்துக்காட்டி, "இன்னும் வெளக்கே ஏத்தல, அதுக்குள்ள விட்டுட்டுப் போறதப் பத்தி எழுதியிருக்காங்கடா" என்றாள். அவங்களை விடுக்கா, கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்தையும் அச்சடித்த மாதிரி இருக்கு என்றேன். என் நகைச்சுவையில் எனக்கே பெருமை. தேன்மொழி அக்காவுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது. "சரிங்க சார். யாருகிட்ட குடுத்தாலும் வெப்சைட் பேரை மட்டும் அக்கா பேர்லயே பதியச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது ஆள் செந்தில், தட்டில் பழத்தோடு வந்தான். தாளும் இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. அக்காவை அம்மா என்றான். உங்களுக்கு எதற்கம்மா இந்தத் தலைவலி, எல்லாம் என் பேரிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நம்ம பையன் மாதிரி இருக்கான் என்று அக்கா உருகினாள். வெள்ளிக்கிழமை, நல்ல நேரத்தில், லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்துத் தொடங்கினார்கள். நான் இங்கிருந்து கைதட்டினேன்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு செந்திலின் மச்சான், காவிரிக்கரையில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு லாட்ஜ் திறந்தான். அதற்குப் பிறகு இணையத்தில் படியில்லா வீட்டைத் தேடியவர்கள் எல்லோருக்கும் அக்காவின் அறைப் படங்களும் மச்சானின் போன் நம்பரும் கிடைத்தன. வாக்கரோடு வந்த ஒரு பாட்டியம்மாவை லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பதினொரு படி. அந்த அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஏறியிருக்கிறார். அவருடைய மகன் இணையத்தில் அக்காவின் வீட்டுப் பெயருக்குக் கீழே எழுதினான்: முழங்கால் போனவர்களை ஏமாற்றிப் பிழைக்கும் பொம்பளை. அக்கா அதை மனப்பாடமாகச் சொல்லுவாள்.

நான் செந்திலைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "சார், வெப்சைட் அட்ரஸ் யாரு பேர்ல இருக்கோ அவங்களதுதானே சார். நீங்க படிச்சவங்க." எழுத்தில் எதுவும் இல்லை. வக்கீலும் அதையேதான் சொன்னார்.

சிறுதொழில் நடத்தும் நண்பர்களே, வெப்சைட் செய்ய வருகிறவர் எத்தனை படம் போடுவார் என்று அப்புறம் கேளுங்கள். உன்னைவிட்டு நான் எப்படிப் போவது என்று முதலில் கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் வேலையைக் கொடுங்கள். எனக்கு இதை ஒரு நாடே பதினாறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை அன்பில்லாதவர்களின் பழக்கம் என்று நினைத்தேன்.

அக்கா பிறகு தானே உறையூருக்குப் பஸ் ஏறிப் போய்த் தேன்மொழியைப் பார்த்தாள். அதே நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு இப்போது வேறு பெயர், அது யாருக்கும் தெரியாது. பாதி நாள் அறைகள் காலியாகவே கிடக்கின்றன.

போன மாதம் ஊருக்குப் போனேன். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கியதும் அக்கா வாடா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், தங்குபவர்கள் எழுதும் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எப்பக் கெளம்புறேன்னு இதுல எழுதிடு."

"அக்கா, நான் உன் தம்பி."

"அதனாலதான் மொதல்லயே கேக்குறேன்."

அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் தேவலை. புறப்படும் தேதியை எழுதினேன். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ஸ்டுட்கார்ட் விலாசத்தை எழுதினேன். அக்கா விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்துவிட்டு, மூன்றாம் நம்பர் அறையைக் காட்டினாள். நான் பத்தாம் வகுப்புக்குப் படித்த அறை அது.