ஜீப்புக்கு இரண்டு சொந்தக்காரர்

என் முற்றத்தில் நிற்கும் பழைய ஜீப்பின் கீழே மூன்று மான்கள் படுத்திருக்கின்றன. நேற்று ஐந்து. கோட்டைப் பக்கத்திலிருந்து கடற்கரையோரமாக நடந்துவரும் இந்த மான்களுக்கு, எந்த வாகனம் இனி அசையாது என்பது எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஓடுகிற வாகனத்தின் நிழலில் அவை படுப்பதில்லை.

கராஜ்காரர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். அடிச்சட்டத்தில் இரண்டு இடத்தில் துரு ஓட்டை போட்டிருக்கிறது. முன்சில்லுகளை இழுக்கிற தண்டும் தேய்ந்துவிட்டது. "செய்யிறதெண்டால் மாரிக்கு முதல் சொல்லுங்கோ ஐயா. மழை துடங்கினால் வெளியில வச்சுப் பிரிக்க ஏலாது," என்றார். மாரிக்கு இன்னும் எத்தனை கிழமை இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிப்பதற்குள் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்.

இந்த ஜீப்பில் பாதி கனடாவில் இருக்கும் என் மகனுடையது. அவன் ஊருக்கு வரும்போது காட்டுப்பாதை, மணல்பாதை எல்லாம் சேர்ந்து போகலாம் என்று இருவருமாக வாங்கினோம். வாங்கிய பிறகு இரண்டு தடவை வந்தான். இன்று பின்னேரம், அவன் வேலைக்குப் புறப்படுமுன் பிடித்துவிட வேண்டும் என்று போன் எடுத்தேன்.

"எனக்கெண்டு செய்ய வேண்டாம் அப்பா. உங்களுக்குத் தேவையெண்டால் செய்யுங்கோ," என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான், இதே வசனத்தை முன்பும் கேட்டிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

அப்பாவிடமும் ஒரு ஜீப் இருந்தது. சரியாகச் சொன்னால் அரை ஜீப். வெள்ளைக்காரர்கள் துறைமுகத்திலிருந்த கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, கட்டில், கதிரை, அலுமாரிகளோடு சேர்த்து ஏலத்தில் விட்ட ஜீப்புகளில் ஒன்று அது. அப்பா துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். அவருடைய தம்பியான என் சித்தப்பா இறக்கக்கண்டியில் தோணியும் வலையும் வைத்திருந்தார். தனித்தனியே வாங்க இருவராலும் முடியாததால் சேர்ந்து வாங்கினார்கள்.

கிழமை நாட்களில் ஜீப் சித்தப்பாவிடம் நிற்கும். நிலாவெளிக்கு அப்பால், அவருடைய ஊர்ப் பக்கம், அந்தக் காலத்தில் றோட்டு என்று சொல்லக்கூடியது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் மணல். மணலில் தோணியைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கவும், மீனைச் சந்தைக்குக் கொண்டுவரவும் நான்கு சில்லும் இழுக்கிற வாகனத்தை விட்டால் வேறு வழியில்லை. சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா மீனை விற்றுவிட்டு, ஜீப்பை எங்கள் வீட்டில் விட்டு, சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை அது எங்களுடையது. அம்மாவும் நாங்கள் நான்கு பிள்ளைகளும் அதில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவோம். ஏழு கிணறுகளும் இருக்கின்றனவா என்று நான் ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன். எப்போதும் ஏழுதான் இருந்தன. திங்கள் விடிய முதல் பஸ்ஸில் சித்தப்பா வந்து, அம்மாவின் கையால் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு போவார். ஆக, வாரத்துக்கு இரண்டு தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜீப் இருந்ததால் வருகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பெரிய பிழையான கணக்கும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, ஜீப்பின் கீழே குனிந்து பார்த்த அப்பா கை நிறையத் துருச்செதில்களோடு எழுந்தார். அவற்றை ஒரு கடதாசியில் வைத்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் முன்னால் கொண்டுபோய்க் காட்டினார்.

"கடலுக்குள்ள இறக்கிப்போட்டு, நல்ல தண்ணி ஊத்திக் கழுவாமல் விட்டால் இரும்பு என்ன செய்யும்?"

சித்தப்பா கோப்பையில் பாதிச் சோறு இருக்க எழுந்து கையைக் கழுவினார். வெளியே அவர் ஜீப்பை முடுக்கும் சத்தம் கேட்டது. ஊருக்கு அல்ல, பட்டணத்திலிருந்த கராஜுக்கு அதை ஓட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, திறப்பைக் கராஜ்காரரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார் என்று பிறகு தெரிந்தது.

"சோத்தில இருக்கேக்க சொல்லுற கதையே இது?" என்று அம்மா கேட்டா. அப்பா கடதாசியைக் கவனமாக மடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கராஜ்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். பெரிய வேலை என்றும், என்ஜினை இறக்கி, அடிச்சட்டத்தில் உப்புத் தின்ற இடத்தையெல்லாம் வெட்டிப் புது இரும்பு வைத்து ஒட்ட வேண்டும் என்றும், இரண்டு சொந்தக்காரரும் சம்மதம் சொல்லாமல் ஒரு ஆணியும் கழற்றமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினார்.

அதன் பிறகு சித்தப்பா மீன் கூடைகளோடு பஸ்ஸில்தான் சந்தைக்கு வந்தார். சனிக்கிழமைகளில் நான் சந்தைக்குப் போகும்போது அப்பா என்னிடம், "ஜீப்பை என்ன செய்வமெண்டு சித்தப்பாட்டக் கேள்," என்பார். நான் கேட்பேன். "அண்ணன் சொல்லுறபடி செய்வமெண்டு சொல்லு," என்பார் சித்தப்பா. சொல்லிவிட்டு, நல்ல பாரை மீனாகப் பார்த்து ஓலையில் கட்டித் தருவார். நான் வந்து சொல்வேன். அப்பா பாரைக் குழம்பைச் சாப்பிடுவார், மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார். அடுத்த சனிக்கிழமை, "அவன் சொல்லுறபடி எண்டு சொல்லு," என்பார். நான் ஒரு சொல் கூடாமல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த விசயத்தில் எனக்குப் பெருமை இருந்தது. கொஞ்சம் சொல் கூட்டத் தெரிந்த பிள்ளையாக இருந்திருந்தால் ஜீப் ஓடியிருக்கலாம்.

"ஒரு வயித்தில பிறந்ததுகள். ஆளுக்கொரு வாய் வச்சுக்கொண்டு பிள்ளையைத் தபால்காரனாக்கிப்போட்டுதுகள்," என்று அம்மா குசினிக்குள்ளிருந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னா.

மாரி வந்து போனது. கராஜ் மூலையில் நின்ற ஜீப்பின் மிதிதட்டு ஓட்டை வழியாக ஒரு செடி முளைத்து, இருக்கைக்கு மேலே தலையை நீட்டியது. கடைசியில் நானா பொறுமை இழந்து, ஞாயிறு பின்னேரம் இரண்டு பேரும் ஒன்றாக வந்து நேரில் சொல்ல வேண்டும் என்று ஆள் விட்டார்.

அப்பா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா முன்பே வந்து ஜீப்பின் மற்றப் பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்தார்கள். அப்பா தன் பக்கக் கதவைத் திறக்க முயன்றார். அது வரவில்லை. சித்தப்பா சுற்றிவந்து, கைபிடியை மேலே தூக்கி இழுத்தார். கதவு திறந்தது.

"தூக்கி இழுக்கோணும்," என்றார், கதவிடம் சொல்வதுபோல.

உள்ளே பின்பக்கத்தில் விளிம்பு நெளிந்த ஒரு வாளியும், நீளக் கயிறும், தேய்க்கிற தேங்காய்ப் பொச்சும் கிடந்தன. வாளியின் அடியில் கிணற்றுப் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. பொச்சில் தேய்த்துத் தேய்த்து ஏறிய ஜீப்பின் பச்சைப் பெயின்ற். அப்பா அந்த வாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாளியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இப்ப சொல்லுங்க கிளாக்கர்," என்றார் நானா. "செஞ்சா இன்னும் பத்து வருசம் ஓடும். செய்யாட்டி இரும்புக்காரனுக்குத்தான். செய்யவா, விடவா?"

அப்பா கதவுப்பிடியைத் தடவியபடி, மெதுவாக, மிக மரியாதையாகச் சொன்னார்: "எனக்கெண்டால் தேவையில்லை நானா. கந்தோருக்குச் சைக்கிள் போதும். தம்பிக்கு வேணுமெண்டால் செய்வம்."

நானா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார்.

"எனக்கெண்டு வேண்டாம். பஸ்ஸில மீன் வருகுதுதானே. அண்ணன் ஞாயிற்றுக்கிழமையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வேணுமெண்டால் செய்யுங்கோ."

"பிள்ளையள் பஸ்ஸிலயும் போகுங்கள்," என்றார் அப்பா.

"அப்பிடியெண்டால் சரி," என்றார் சித்தப்பா.

நானா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார் போல. எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் வேணாம்," என்றார்.



சித்தப்பா வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். "வீட்ட வந்து சாப்பிட்டிட்டுப் போவன்," என்று அப்பா சொன்னார். அவர் அப்படிச் சொன்னபோது சித்தப்பா பேச்சுக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்த தடவைகளை என்னால் எண்ண முடியும். நான்கு. இரண்டு கல்யாணம், இரண்டு செத்தவீடு. இரண்டாவது செத்தவீடு அப்பாவுடையது.

ஆனால் அன்றைக்கு எனக்கு நல்ல சந்தோசம். இத்தனை மாதமாக ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பொருந்தாமல் இருந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கு இரண்டு. சனிக்கிழமைகளில் இனி நான் கேள்வியும் பதிலும் சுமக்க வேண்டியதில்லை. சைக்கிள் பாரில் இருந்தபடி இதை அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, நீங்களும் சித்தப்பாவும் ஒரே மறுமொழிதானே சொன்னனீங்கள்?"

"ஓம்," என்றார் அப்பா.

கொஞ்சத் தூரம் போனதும் மிதிப்பதை நிறுத்தினார். என்னை இறக்கிவிட்டு, தானும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அது மேடு இல்லை, உட்துறைமுகத்தை ஒட்டிப் போகிற சமமான றோட்டு. எதிர்க்காற்றும் இல்லை. சில்லில் காற்றுப் போய்விட்டது என்று நினைத்து நான் பின்னால் ஓடிப்போய்ப் பின்சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன்.

சில்லு கல்லுப்போல இருந்தது. முன்சில்லையும் அமத்திப் பார்த்தேன்.