"ஒன்னும் இல்ல சிஸ்டர்" என்கிறவர்கள்

மளிகைக் கடைக்காரர் தராசைப் பார்த்து எடை சொல்லிவிடலாம். கேஷுவாலிட்டி நர்ஸுக்கு அந்த வசதி கிடையாது. அடிபட்டு வருகிறவர்களில் யாரை வீட்டுக்கு அனுப்பலாம், யாரைப் பிடித்து வைக்க வேண்டும் என்று முதல் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தாக வேண்டும். தவறவிட்டால் ஓர் உயிர் போய்விடும். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக இதே வேலைதான். குழப்பம் தீர்ந்தபாடில்லை. இதே பிழைப்பில் இருக்கும் சகபாவிகளே, உங்களுக்காவது தீர்ந்திருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

செருப்பை மடியில் வைத்திருந்தவர்

மார்க்கையன்கோட்டைப் பக்கம் பைக்கில் போய் டிராக்டரில் மோதிய மச்சானும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த மாப்பிள்ளைக்கு மண்டை பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டுக் குழந்தைகளும் அழ ஆரம்பித்துவிட்டன. வண்டி ஓட்டிய மச்சானோ மாப்பிள்ளையின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் சாதுவாக உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "ஒன்னும் இல்ல சிஸ்டர், அவனப் பாருங்க" என்றார். நானும் டாக்டரும் மண்டையைத் தைக்க உட்கார்ந்தோம். குறைகுடம் கூத்தாடும் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தால்தானே?

பஞ்சு எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் மச்சானுக்கு நெற்றி வியர்த்து ஊற்றியது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வயிற்றில் கை வைத்ததும் மனிதரின் முகம் கோணியது. மண்ணீரல் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. அந்த வலி தோளில் போய் நிற்கும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அவசரமாகத் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார். அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி ஓடும்போது பாதித் தையலில் கிடந்த மாப்பிள்ளை கத்தினார்: "அவுக எப்பவுமே வாயத் தெறக்க மாட்டாக சிஸ்டர். அவுகள விடுங்க, என்னைய மொதல்ல பாருங்க!"

நடந்து வந்தவர்

சுருளிப்பட்டியில் தென்னை மரத்தில் பாதியில் இருந்து விழுந்தவர் தானாகவே படியேறி வந்தார். கழுத்தில் சுளுக்காம். முதலில் சுளுக்கு வழிக்கிறவரிடம் போயிருக்கிறார். அந்தப் புண்ணியவான், "இது என் கைக்கு அடங்காது" என்று தொடவே மாட்டேன் என்றுவிட்டாராம். இங்கே வருகிற வழியில் கடையில் நின்று இவர் இரண்டு டீ வேறு குடித்திருக்கிறார். நடக்கிறார், பேசுகிறார், சிரிக்கிறார். மருந்து தடவி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். டாக்டர் அசையாமல் படுக்க வைத்துக் கழுத்துப்பட்டை மாட்டிவிட்டார். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அந்தக் கழுத்தைச் சுளுக்கென்று யாராவது திருப்பியிருந்தால் கை கால் விழுந்திருக்கும், உயிரேகூடப் போயிருக்கும். அவருக்கோ கோபமான கோபம்: "நடந்து வந்தவனப் படுக்கப் போட்டுட்டீகளே, இதுக்குப் பேருதான் வைத்தியமா?"

கல்லாக இருந்த வயிறு

இரண்டு தடவை சூடு கண்ட பூனை நான். நாய் துரத்தி, பைக்கோடு திராட்சைப் பந்தலின் கல்தூணில் மோதி ஒருவர் வந்தார். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ கிழிந்துவிட்டது என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்கேன் அறையே அல்லோலகல்லோலப்பட்டது. ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். நோயாளிதான் மெதுவாக வாயைத் திறந்தார்: "நாய்னு சொன்னவொடன தொப்புளச் சுத்தி ஊசி போட்டுருவீகன்னு வயித்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன் சிஸ்டர்."

அந்தோணியம்மாளின் கட்டு

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் ஜம்பம். ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்து ஒன்பது பெண்கள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எட்டுப் பேர் அழுதார்கள். அழாத ஒருவர் அந்தோணியம்மாள். இரண்டு தலைத்துண்டை முறுக்கி, அவர் இடுப்பெலும்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டியது அவரோடு வேலை செய்யும், அதே ஜீப்பில் வந்த பஞ்சவர்ணம். ரத்த அழுத்தம் ஓரளவு சரியாகவே இருந்தது. சேறும் சகதியுமாக இருந்த அந்தக் கட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பஞ்சவர்ணம் என் கையைப் பிடித்தார். "அவுக்காதீக சிஸ்டர். இடுப்பு ரெண்டாப் பிரியுற மாதிரி இருக்குன்னு சொன்னா. கட்டுனப்பறந்தான் மூச்சே விட்டா." நான் சும்மா இருந்திருக்கலாம். "இடுப்பென்ன கதவா, ரெண்டாப் பிரிய?" என்று நக்கலடித்துவிட்டு வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் அந்தோணியம்மாளின் உதடு வெளுத்தது. கை சில்லிட்டது. அழுத்தம் மடமடவென்று இறங்கியது. ஓடி வந்த டாக்டர், "இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு, கட்டுதான் ரத்தத்த நிறுத்தி வச்சிருந்திருக்கு, திரும்பக் கட்டுங்க!" என்று கத்தினார். பெட்ஷீட்டை மடித்து இடுப்புக்கு அடியில் கொடுத்து, ஒரு பக்கம் நான் இழுத்தேன், மறுபக்கம் பஞ்சவர்ணம் இழுத்தார். முடிச்சுப் போட்டது அவர்தான். ரத்தம் ஏற்றி, துணைக்குப் பஞ்சவர்ணத்தோடு ஆம்புலன்ஸில் தேனிக்கு அனுப்பினோம்.

நாலு மாதம் கழித்து அந்தோணியம்மாள் கைத்தடி ஊன்றி வந்து ஒரு ஏலக்காய்ப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். வாங்க வெட்கமாக இருந்தது. "அன்னைக்குக் கட்ட அவுத்தது நான்தாம்மா" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டினார்: "தெரியும் சிஸ்டர், முழிச்சுக்கிட்டுத்தான இருந்தேன். வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. படிச்சவுக நீங்க, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

இப்போதெல்லாம் யார் கட்டோடு வந்தாலும், கட்டியது யார், எதற்காக என்று கேட்ட பிறகுதான் கத்தரிக்கோலைத் தேடுகிறேன், அதற்குள் நேரம் கடந்துவிடுமோ என்று பயந்துகொண்டே.