அழிப்பதில் கெட்டிக்காரர்

குப்பைப் பையின் வாயைக் கட்டுவதற்கு முன் குணாளன் அதைக் காதருகே தூக்கி ஒரு முறை குலுக்கிப் பார்ப்பார். உள்ளே ஏதாவது கிணுகிணுத்தால் போச்சு. பையைக் கவிழ்த்து, முருங்கைக்காய்ச் சக்கைக்கு நடுவிலிருந்து ஒரு திருகாணியையோ போத்தல் மூடியையோ மீட்டு, குழாயில் கழுவி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "இருக்கட்டும்லா. ஒரு நாளைக்கு ஒதவும்." கல்யாணமான புதிதில் பிரேமாவதி இதைச் சிக்கனம் என்று நினைத்தாள். பல வருடம் பார்த்த பிறகு இதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், அழிப்பதுதான் அந்த மனிதருடைய உத்தியோகம். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. அங்கே ஒவ்வோர் இயந்திரமும் தான் செய்ததையெல்லாம் நொடிக்கு நொடி பதிந்து வைக்கும். பதிவுகள் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அவர்கள் பாஷையில் டேபிள் என்று பெயர். அது கோடிக்கணக்கில் வீங்கிப்போய்க் கணினி திணறும்போது, பழையதை அழித்து இடம் பண்ணுவது குணாளன். அங்கே பல வருடத்தைத் துடைத்துவிட்டுச் சீட்டியடித்தபடி கிளம்புகிறவர், கரங்கானில் தன் வீட்டு வாசலுக்கு வந்ததும், பக்கத்து வீட்டுக்காரர் வீசிய விரிசல் விட்ட மீன் தொட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே வருவார்.

எல்லாம் போய்ச் சேரும் இடம் பின்னறை. அவர் அதை 'ஸ்டோர்' என்பார். அதனால் பிரேமாவதியின் தையல் மெஷின் அடுப்படியில் கிடந்தது. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த லோகேஸ்வரி, தைத்ததை வாங்கி மோந்து பார்த்தாள். "என்னாக்கா, ரவிக்க கையில நெத்திலி சம்பல் வாசம் அடிக்குது? கோயிலுக்குப் போடறதா, கறிக்குப் போடறதா?" இன்னும் நாலு பேர் இப்படி மோந்து பார்த்தால் அப்புறம் துணி கொடுக்க ஆள் வராது. பின்னறை வேண்டும். தீபாவளிக்குள் வேண்டும்.

முதலில் நேர்வழியில்தான் போனாள். ஒரு விடுமுறை நாளில் இருவரும் பின்னறை வாசலில் உட்கார்ந்தார்கள்.

"இது எதுக்குங்க, றெக்கை இல்லாத காத்தாடி?"

"அது நம்ம கூட்டாளி காளிதாசன், குருண் டவுன்ல கடைய மூடுனப்ப குடுத்தது. அன்னிக்கு என்னா மழ தெரியுமா..."

அந்த மழை விடுவதற்குள் சோறு ஆறிப்போனது. அடுத்து, மைலோ டின் நிறையச் சாவிகள்.

"எந்த வீட்டுச் சாவி?"

"எஸ்டேட் வீட்டுது."

"அந்த வீட்டத்தான் இடிச்சிட்டாங்களே?"

"வீட்டத்தான இடிச்சாங்க? சாவிக்கு என்னா வந்துச்சி?"

சாயங்காலம்வரை உட்கார்ந்து வெளியே போனது ஓர் ஒற்றைச் செருப்பு. இருட்டுவதற்குள் அதையும் அவரே உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூட வேலை பார்க்கும் ஷாஹீதா போன் செய்தாள். கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, காலையில ஆரம்பிச்ச டெலிட் இன்னும் ஓடுதுண்ணே. லைன்ல ஒண்ணும் நகரல, சூப்பர்வைசர் கத்துறாரு."

"எவ்வளவு வேணும் உனக்கு?"

"கடைசி மூணு மாசம் போதும். மிச்சம் ஏழு வருஷத்துது, போவணும்."

"அம்மாடி! போறதுதான ஜாஸ்தி, அத ஏன் ஒண்ணொண்ணா அழிக்கிற? நீ ஒண்ண அழிச்சா, அது என்னா, எங்க இருந்துச்சின்னு மெஷின் உக்காந்து எழுதி வைக்கும்லா. அழிக்கிற நேரத்தவிட எழுதுற நேரம்தான் அதிகம். மொதல்ல அத நிறுத்து. நிறுத்துனாலும் எல்லாத்தையும் பழையபடி வைக்க நேரம் புடிக்கும், பொறுத்துக்க. அப்புறம் பேக்கப் எடு, எல்லாத்துக்கும் ஒரு நகல் இருக்கட்டும். வேணுங்கிறத மட்டும் புது டேபிளுக்கு மாத்து. எண்ணிப் பாரு. சரியா இருந்தா பழச ஒரேடியா டிராப் பண்ணிட்டு, புதுசுக்குப் பழைய பேர வை. முடிஞ்சிச்சி."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பிரேமாவதியின் கை அப்படியே நின்றது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள். டேபிளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கதை எழுதும் மெஷினை நன்றாகத் தெரியும். அது எதிரே அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கூடத்து இரும்பு அலமாரியைத் துடைத்துக் காலியாக வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணையும் வீச வேணாம். ஒங்களுக்கு வேணுங்கிறத மட்டும் இதுக்கு மாத்துங்க."

வீச வேண்டாம் என்றதும் குணாளனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மழைக்கதை எதுவும் இல்லாமல் மளமளவென்று எடுத்து அடுக்கினார். சாவி டின் வந்தது. காற்றாடி வரவில்லை.

"எண்ணிப் பாத்துட்டீங்களா? ஒண்ணும் விட்டுப் போகலையே?"

"எல்லாம் இருக்குலா."

"அப்ப இனிமே இதுதான் ஸ்டோர்."

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை, ஒலிபெருக்கியில் "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு பழைய பேப்பரும் பழைய சாமானும் வாங்கும் லோரி வந்தது. எந்நாளும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பவள், அன்றைக்குத் தெருவில் இறங்கிக் கையைக் காட்டினாள். லோரிக்காரர் பின்னறையைப் பார்த்து மலைத்துப்போனார். "என்னாக்கா, கடைய மூடிட்டீங்களா?"

சாயங்காலம் குணாளன் பின்னறை வாசலில் நின்றார். அந்த அறைக்கு ஒரு சன்னல் உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சன்னலடியில் தையல் மெஷின்.

"மிச்சமெல்லாம் எங்க?"

"டிராப் பண்ணிட்டேங்க."

"பேக்கப்... பேக்கப் எடுத்தியா?"

பிரேமாவதி கைப்பேசியை நீட்டினாள். ஒன்று விடாமல் படம். காற்றாடிக்கு மட்டும் முன்னாலும் பின்னாலும். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அட, இது காளிதாசன்..." என்று தொடங்கியபோது அவள் மெஷினை ஓட்டினாள்.

சில நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஷாஹீதாவிடம் போனில் அவர் பேசியது அவள் காதில் விழுந்தது. "எங்க வீட்டுல ஒரு டிராப் நடந்துச்சி பாரு, ஒரு எரர் இல்ல! நீயெல்லாம் வந்து கத்துக்கணும்."

இப்போது பின்னறை தையல் அறை. தீபாவளித் துணிகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. குணாளன் உள்ளே வருமுன் கதவைத் தட்டுகிறார். பிரேமாவதி மெஷினை நிறுத்தி, அவருடைய இரண்டு கைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்கிறாள்.