பதினான்காம் எண்ணுக்கு ஒரு வட்டம்

என் மகள் ஆடும் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு இரண்டு வருடம் ஸ்கோர் ஷீட் எழுதினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் உட்கார்ந்தேன். சிமென்ட் படிகளில் மற்ற பெற்றோர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்க என்னால் ஆகாது. அவள் கையில் பந்து வந்தாலே எனக்கு எங்காவது ஓடிவிடத் தோன்றும். ஆரம்பத்தில் ஒரு ஆட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே போய், ஸ்கூட்டரைப் பூட்டியிருக்கிறேனா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது, "ஆட்டம் அவளுக்குங்களா, உங்களுக்குங்களா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கென்ன, தையல் கடையை விட்டுவிட்டு வர நேரமில்லாமல் நிம்மதியாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேசையில் ஸ்கோர் எழுத ஆள் கிடைக்காமல் ஆட்டம் நடத்துகிறவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது கைவந்த வேலை. எங்கள் ஊர் ஹெப்பாளில், பெங்களூரில் இருக்கிற ஹெப்பாள் இல்லை, ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் இருபது வருடமாகக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். கட்டம் போட்ட தாள் ஒன்றை முன்னால் வைத்தால் எனக்கு மூச்சு சீராகிவிடும். கம்பெனி பஸ்ஸில் இறங்கி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போய்விடுவேன்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கோச் மேசைக்கு வருவார். பன்னிரண்டு பெயர்களில், முதலில் களமிறங்கப்போகும் ஐந்து பேருக்கு நேராக ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்திடுவார். கையெழுத்து விழுந்தால் விழுந்ததுதான். அந்த ஐந்து பேரும் களத்தில் வந்து நின்றதும் நான் அந்தக் குறிகளைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். அப்புறம் மாற்று ஆளாக எவள் உள்ளே வந்தாலும் நான் போடுவது குறி மட்டும்தான், வட்டம் கிடையாது. என் மகளின் எண் பதினான்கு. இரண்டு வருடத்தில் பதினான்குக்கு நேராக நான் ஒரு வட்டமும் போட்டதில்லை.

அவள் ஆசைப்பட்டது அந்த வட்டத்துக்குத்தான். பி.யு.சி. முதல் வருடம், அதாவது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அக்ரஹாரத்துத் தெருவில் பந்தைத் தட்டிக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுவாள். எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போனாள். அங்கேயும் கீழ் போர்ஷன்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மறுபடி தெருவுக்கே இறங்கினாள். அவள் கேட்ட இடம் பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் மற்ற நால்வரையும் ஆட்டி வைக்கிறவளுடைய இடம். மூன்று வருடமாக அது ஆறாம் எண் பெண்ணுடையது. நல்ல பெண், கெட்டிக்காரி. அவள் இருந்தவரை என் மகளுக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்றுதான் கிடைத்தது. பந்தயத் தொடர் முடிந்ததும் ஆறாம் எண் பெங்களூருக்குப் படிக்கப் போகிறாள் என்பதால், அடுத்து அந்த இடம் யாருக்கு என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது.

அரையிறுதிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பயிற்சியில் எகிறிக் குதித்த ஆறாம் எண் பெண் இன்னொருத்தியின் ஷூ மேல் இறங்கினாள். கணுக்கால் மடங்கி உடனே வீங்கிவிட்டது.

மறுநாள் கோச் என்னை மைதானத்துக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். கன்னடக்காரர், அதிகம் பேசமாட்டார், பேசினால் டீ ஆறும்வரை பேசுவார். ஆறாம் எண்ணின் இடத்துக்கு அவர் மனதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அணியிலேயே நெட்டையான பெண். அவளுக்குப் பந்து கையில் நிற்காது, ஆனால் பயம் என்றால் என்னவென்று தெரியாது. இன்னொருத்தி என் மகள். பயிற்சியில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை என்றார். ஆனால் ஆட்டத்தில் எப்படி என்று தனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை, நின்று ஆட அவளுக்கு நேரம் கொடுத்ததே இல்லை என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டு வருடமாக எல்லா ஆட்டத்தையும் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் நீங்கள் ஒருவர்தான், அப்பா என்பதை மறந்துவிட்டு மேசை ஆளாகச் சொல்லுங்கள், அவள் தயாரா என்றார்.

எனக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. முந்தைய வருடத்து ஆட்டம். அவளை உள்ளே அனுப்பிய உடனே எதிரணிப் பெண்கள் இரண்டு பேர் அவளை மூலைக்குத் தள்ளிவிட்டார்கள். பந்தோடு எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை, விசில் அடித்தார்கள். அடுத்த தடவையும் அதே கதை. கோச் அவளை வெளியே கூப்பிட்டார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஸ்கூட்டரில் வீடு போய்ச் சேரும்போது என் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. அந்த ஈரம் எனக்கு இன்னும் போகவில்லை. கோச்சுக்குத் தெரிய வேண்டியது அதுவல்ல, ஆனால் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இன்னும் ஒரு வருடம் போகட்டும் சார், சின்னப் பெண் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். டீக்கு நான்தான் காசு கொடுத்தேன். பொறுப்பான தகப்பனாக நடந்துகொண்டேன் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டது வேறு.

அரையிறுதி அன்று கோச் பேனாவைத் திறந்தார். நான்கு, ஐந்து, ஒன்பது, பதினொன்று என்று குறி விழுந்துகொண்டே வந்தது. பேனா பதினான்கைத் தாண்டிப் பதினைந்தில் நின்றது. பதினைந்து நெட்டைப் பெண். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு அப்பாடா என்றிருந்தது. தலையை நிமிர்த்தினால் என் மகள் தண்ணீர் பாட்டிலோடு மேசைக்கு முன்னால் நிற்கிறாள். தாள் அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும், இருந்தும் படித்துவிட்டாள். நேரே போய்ப் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள்.

ஆட்டத்தில் எப்படியோ இரண்டு புள்ளியில் பிழைத்தோம். நெட்டைப் பெண் எத்தனை பந்தைப் பறிகொடுத்தாள் என்று தாள் சொல்லாது, ஆனால் கோச் தன் தொடையில் அடித்துக்கொண்ட சத்தம் மேசைவரை கேட்டது. மூன்றாவது கால்பகுதியின் முடிவில் என் மகள் உள்ளே போனாள். பதினான்குக்கு நேராக வழக்கம்போல வட்டமில்லாத ஒரு குறி போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து கேட்டாள்.

"சார்கிட்ட என்னங்கப்பா சொன்னீங்க?"

கோச் அவளிடம் சொல்லியிருக்கிறார். மறைத்துப் பயனில்லை என்பதால், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று சொன்னதைச் சொன்னேன். அழப்போகிறாள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவள் அழவில்லை.

"நான் ஆடி நீங்க ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருஷமா மேசையிலதான உக்காந்திருக்கறேன் அம்மிணி."

"உக்காந்திருக்கீங்க. என் கைக்குப் பந்து வந்தா குனிஞ்சுக்கறீங்க. நான் பாத்திருக்கறேன்."

பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நான் சேர்த்து வைத்திருந்த ஷீட் நகல்களை எடுத்துப் பரப்பினேன். அவள் சொன்னதைப் பொய்யாக்க ஏதாவது கிடைக்காதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பதினான்கைத் தேடினேன். ஒன்றில் இரண்டு புள்ளி, இன்னொன்றில் ஒரு ஃபவுல், மற்றதிலெல்லாம் வெறும் குறி. யார் கூடையில் போடுகிறாளோ அவளுடைய எண்ணைத்தான் தாளில் எழுத வேண்டும். பந்தை அவளுக்கு யார் கொடுத்தாள் என்று எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் மகளின் வேலையே கொடுப்பதுதான். அவள் யார் யாருக்கு எந்தெந்தப் பந்தைக் கொடுத்தாள் என்று எனக்கு ஒன்று, ஒரே ஒன்றுகூட ஞாபகம் இல்லை. தொழிற்சாலையில் பார்க்காத பொருளுக்கு ஒருவன் கையெழுத்துப் போட்டால் அவனை நான் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பெற்ற பெண்ணுக்குப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதுவும் தேறவில்லை என்று.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே கோச்சிடம் போனேன். செவ்வாய்க்கிழமை டீக்கடையில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள், நான் அவள் ஆடிப் பார்த்ததே இல்லை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி, அப்படியென்றால் தயாராக இருக்கிறாளா என்று மறுபடி கேட்டார். தெரியாது என்றேன். தனக்கும் தெரியாது என்றார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு ஷீட் எழுத வரமாட்டேன் என்று நான் சொன்னதும்தான் அவர் முகம் வாடியது. ஆட்டக்காரி கூடக் கிடைத்துவிடுவாள், ஒழுங்காக எழுதுகிறவனுக்கு நான் எங்கே போவேன் என்று புலம்பினார். கடைசியில், கட்டுப்போட்ட காலோடு சும்மா உட்கார்ந்திருந்த ஆறாம் எண் பெண், நான் எழுதுகிறேன் சார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். எப்போதும் அந்தக் குறிகளை முதலில் பார்க்கிறவன் நான், அன்று கோச் குனிந்து எழுதுவது மட்டும்தான் தெரிந்தது. பேனா எங்கே நின்றது, எதைத் தாண்டியது என்று தெரியவில்லை. குறி விழவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். விழுந்து, அவள் மறுபடி அந்த மூலையில் மாட்டிக்கொண்டால் அதற்கும் காரணம் நான்தான். இந்த இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

விசில் அடித்தார்கள். ஐந்து பேர் உள்ளே போனார்கள். நான்காவதாகப் போன முதுகில் பதினான்கு இருந்தது.

மேசையில் ஆறாம் எண் பெண் குனிந்து வட்டம் போடுவதைப் பார்த்தேன். களத்தில் நின்ற என் மகள் வழக்கம்போல மேசையைத் திரும்பிப் பார்த்தாள். என் நாற்காலியில் நான் இல்லை. அவள் படிகளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். இரண்டு வருடம் மேசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்த பழக்கமெல்லாம் எங்கே போனதோ, "அம்மிணி!" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சிரித்தாள். என் மகள் என்னைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும், மானம் போகிறது, கத்தாதீர்கள் என்பதுபோல உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்று மூன்று புள்ளியில் தோற்றோம். அவள் தயாராக இருந்தாளா என்று கேட்டால் கோச் ஒன்று சொல்வார், ஆறாம் எண் பெண் ஒன்று சொல்வாள். எனக்கு முதல் இரண்டு பந்துகள் போதும்.

முதல் பந்து அவள் கைக்கு வந்ததும் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அதே மூலை. என் கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது, தலையும் குனிந்தது. கீழே தாள் இல்லை, செருப்பும் மண்ணும்தான் இருந்தன. தலையைத் தூக்கினேன். பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர்கள் கூடையில் போட்டதை முழுசாகப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களில் பள்ளம் விழுந்துவிட்டது.

இரண்டாவது பந்தையும் அவளிடமே கொடுத்தார்கள். அதே இருவர் மறுபடி வந்தார்கள். நான் வாய்விட்டு எண்ணினேன். நான்கில் அவர்களிடமிருந்து விலகினாள், ஆறில் நடுக்கோட்டைத் தாண்டினாள். அவர்கள் மறுபடி நெருங்கும்வரை நின்றாள். வேண்டுமென்றேதான் நின்றாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும், இரண்டு பேருடைய கால்களுக்கும் நடுவே பந்தைத் தரையில் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டாள். அது கூடைக்கு அடியில் தனியாக நின்ற நெட்டைப் பெண்ணின் கையில் போய் உட்கார்ந்தது. அவள் எம்பிப் போட்டாள்.

மேசையில் ஆறாம் எண் பெண் குனிந்து, அடுத்த புள்ளி எண்ணை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் பதினைந்து என்று எழுதியிருப்பாள். அப்படித்தான் எழுத வேண்டும். பதினான்குக்கு நேராகத் தாளில் ஒன்றும் ஏறவில்லை. ஆனால் நான் பார்த்தேன்.